அரைப் பேர் ஆண்டவர்

கடல் தாண்டிப் போகிறவன் எதையாவது சம்பாதித்துக்கொண்டு வரத்தான் போவான். நான் என் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வரப் போனேன். மலாயாவில் கெடாவிலிருந்து திரும்பி வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், தங்கச்சி தெரேசுவின் புருஷன் போன வருஷம் காய்ச்சலில் போனதையும், இந்த மழையில் அவளுடைய ஒரே பிள்ளை சூசையும் போய்விட்டதையும், வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். என் அம்மா அழவில்லை. "அவளைக் கொண்டாந்து என் கண்ணுல காட்டுடா" என்றாள். அதற்குப் பிறகு நான் கப்பல் ஏறுகிற வரைக்கும் அவள் வாயில் வேறு பேச்சே வரவில்லை.

நான் கும்பகோணத்துப் பக்கம் ஒரு மாதா கோவிலில் கோவில்பிள்ளை. மணி அடிப்பேன், மெழுகுவத்தி ஏற்றுவேன், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பேன். கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் வராவிட்டால் காதைத் திருகுவேன். எனக்கு முன்கோபம் உண்டு என்று ஊரில் சொல்வார்கள். பின்கோபமும் உண்டு.

கப்பலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஏறினேன், வாந்தி எடுத்தேன், இறங்கினேன்.

கெடாவில் நான் முதன்முதலில் சாப்பிட்டது ஒரு காக்கா கடையில். காக்கா என்றால் பறவை இல்லை. ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்த முஸ்லிம் கடைக்காரரை இங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். ரொட்டியும் மீன் ஆணமும், அதாவது குழம்பும், வைத்தார். தொட்டுக்கொள்ள ஒரு துவையல். மூக்குக்கு அருகில் கொண்டுபோனதும், கருவாட்டுக் கூடையைத் தலையில் கவிழ்த்த மாதிரி இருந்தது. "பெலாச்சான் தம்பி, கூனி இறால அரைச்சுக் காயவெச்சது. ரெண்டு நாள் பழகிட்டா அப்புறம் நீங்களே கேட்டு வாங்குவீங்க லா" என்றார். எதற்கு இந்த 'லா' என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. இங்கே வந்தால் நாக்கில் அது தானாக ஒட்டிக்கொள்ளுமாம்.

எங்கே போகிறேன் என்று விசாரித்தார். பாலிங் பக்கத்துத் தோட்டம், தங்கச்சி, பிள்ளை செத்துப்போச்சு என்றேன். அவர் கோப்பிக்குக் காசு வாங்கவில்லை. "அந்தப் பக்கத்துத் தோட்டத்துல மரத்தவிடக் காய்ச்சல்தான் தம்பி ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு, அடுத்த மேசையைத் துடைக்கப் போனார்.

மறுநாள் மாட்டு வண்டியில் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். எங்கள் பக்கம் காடு என்றால் ஒரு மரம் இப்படி வளையும், ஒரு மரம் அப்படிச் சாயும். இங்கே ரப்பர் மரங்கள் பட்டாளம் மாதிரி வரிசை பிடித்து நிற்கின்றன. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மரம்தான். வண்டிக்காரர் வழி தப்பி, போன தடத்திலேயே மறுபடி சுற்றினார். "எனக்கே புதுசுங்க" என்றார். அவர் அங்கே வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதாம்.

கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வாசலில் தெரேசு நின்றுகொண்டிருந்தாள். நான்தான் அவளை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனேன். "அண்ணே" என்று முதுகுப் பக்கம் குரல் கேட்டுத் திரும்பினேன். ஊரில் இருந்தபோது உருண்டை முகம். இப்போது கன்னத்து எலும்பு தெரிந்தது, காலெல்லாம் கொசுக்கடித் தழும்பு. அழுவாள், கட்டிப்பிடித்துத் தேற்றவேண்டும் என்று கப்பலிலேயே மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை. "மக்கான் ஆச்சாண்ணே?" என்று கேட்டாள். சாப்பாடு ஆச்சா என்று மலாயில் கேட்கிறாள். எனக்கு வந்த துக்கத்தைக் கோபமாக மாற்றி, "தமிழ்ல கேளுடீ" என்று எரிந்து விழுந்தேன்.

கஞ்சியும் சுட்ட கருவாடும் கொடுத்தாள். நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் அம்மா சொன்னதைச் சொல்லிவிட்டேன். மறுப்பாள், கெஞ்சவேண்டியிருக்கும் என்று நினைத்தேன். "சரிண்ணே, வர்றேன். இங்க எனக்கு என்ன இருக்கு?" என்றாள். அவ்வளவு லேசாகச் சொன்னது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

பிறகுதான் அவள் கழுத்தைப் பார்த்தேன். அம்மா கட்டிவிட்ட சிலுவை இல்லை. கேட்டேன். "கழட்டிட்டேன்" என்றாள். பூசைக்குப் போகிறாயா? இல்லை. செபமாலை? இல்லை. "என்னடீ வந்தது உனக்கு?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். தெரேசு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "எம் புள்ளைக்கு வந்தது முழு வலிண்ணே. சேசுநாதரு பட்டது அரைப் பேரு வலி. அவருகிட்ட நான் என்னத்தச் சொல்லி அழுவுறது?" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அரைப் பேர் என்றால் என்ன என்று அவள்தான் சொன்னாள். விடிவதற்கு முன்னால் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. கங்காணி பேரைக் கூப்பிடுவார். நாள் முழுக்க வேலை பார்த்தால் கணக்கு எழுதுகிற கிராணி ஒரு பேர் போடுவார், முழுக் கூலி. பாதியில் விட்டுப் போனால் அரைப் பேர், அரைக் கூலி. இந்தத் தோட்டத்தில் மனுஷரை எண்ணுகிற விதமே இதுதான்: முழு ஆள், அரை ஆள்.

சரி, இதற்கும் சேசுநாதருக்கும் என்ன சம்பந்தம்? அது ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரியவந்தது.

தோட்டத்தில் சாமியார் கிடையாது. எப்போதாவது வருவாராம். மற்ற ஞாயிறுகளில் மரியநாதர் என்ற உபதேசியார், ஒரு தகரக் கொட்டகையில் செபம் சொல்லிவைப்பார். வாரத்தில் ஆறு நாள் அவரும் மரம் வெட்டுகிறவர்தான். அதாவது பால் எடுக்க மரத்தைக் கீறுகிறவர். எங்கள் ஊர்க் கோவிலில் இன்ன சாதி இந்தப் பக்கம் என்று நடுவே ஒரு குட்டைச் சுவர் உண்டு. இந்தக் கொட்டகையில் நடுவே கயிறு கூட இல்லை. அதைப் பார்த்துக் கொஞ்சம் மனசு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி ஞானோபதேசம் ஆரம்பிக்கிற வரைக்கும்தான் நின்றது.

"சேசுநாதர்கிட்ட எத்தனை சுபாவம்?" என்று மரியநாதர் கேட்டார். "ரெண்டு சுபாவம். தேவ சுபாவம், மனுச சுபாவம்" என்று எல்லாரும் சொன்னார்கள். "எத்தனை ஆள்?" "ஒரே ஆள்." நானும் கூடவே தலையாட்டினேன். பிறகு அவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். "ஒரே ஆளுக்குள்ள ரெண்டும் எப்பிடி அடங்கும்? நம்ம பெரட்டுல பாருங்க. தேவனா ஒரு அரைப் பேரு, மனுசனா ஒரு அரைப் பேரு. ரெண்டும் சேந்தா ஒரு முழுப் பேரு. சிலுவையில நோவு பட்டது அந்த மனுச அரைப் பேரு மட்டுந்தான். தேவ அரைப் பேருக்கு ஒரு நோவும் கெடையாது."

எனக்கு மண்டையில் ரத்தம் ஏறிவிட்டது. செபம் முடிகிற வரைக்கும் பொறுக்கக்கூடவில்லை. "ஐயா, இது பதிதம், வேதத்துக்கே விரோதம்! அவர் முழுதும் தேவன், முழுதும் மனுஷன். அரையும் காலும் கூட்டிக் கணக்குப் பார்க்கிறதற்கு ஆண்டவர் என்ன ரப்பர் பாலா?" என்றேன். மரியநாதருக்குக் கோபமே வரவில்லை. "முழுசு முழுசுன்னா ரெண்டு ஆளு ஆயிருமே தம்பி? ரெண்டு முழுப் பேரு ஒரே ஆளுக்கு எப்பிடிப் போடுறது? கிராணி ஒத்துக்குவாரா?" என்று உண்மையாகவே கேட்டார். எனக்குப் பதில் தெரியும். ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரிதான் தெரியும், காதைத் திருகி. இவர் காதை எப்படித் திருகுவது? உபதேசியார், என்னைவிட மூத்தவர். இருமிவிட்டு உட்கார்ந்தேன்.

வெளியே வந்ததும் தெரேசுவிடம், "அவர் சொல்றதெல்லாம் தப்பு, உன் சிலுவையை எடுத்துப் போட்டுக்கோ" என்றேன். அவள் அப்போதுதான் மீதியைச் சொன்னாள்.

சூசைக்கு மூன்றாவது நாள் காய்ச்சல். விடியற்காலையில் உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது. பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் அரிசி இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பிள்ளையை விட்டுவிட்டு மரத்துக்குப் போனாள். மங்கு, அதுதான் பால் வடிகிற சின்னக் கிண்ணம், ஒவ்வொன்றாக மாட்டினாள். கை மரத்தில், மனசு லயத்தில். பாதி நிரை மரம் வெட்டியதும் பொறுக்கமுடியாமல் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "நான் வந்தப்ப மூச்சு இருந்துச்சுண்ணே, பேச்சு இல்ல. காலைலேருந்து அம்மா அம்மான்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தானாம்." வெயில் சாய்வதற்குள் பிள்ளை அவள் மடியிலேயே போய்விட்டது. அன்றைக்குக் கிராணி அவளுக்கு அரைப் பேர் போட்டார்.

"அரைன்னா என்னன்னு எனக்குத் தெரியும்ணே. மரத்துக்கும் நான் முழுசா இல்ல, புள்ளைக்கும் முழுசா இல்ல. அரை வெட்டுக்காரி, அரை அம்மா. ரெண்டா இருக்கிறவங்க எதுக்குமே முழுசா ஒதவமாட்டாங்க. உங்க சேசுநாதரும் அப்பிடித்தானே? அவரச் சொல்லிக் குத்தமில்ல. என்னயப்போல அவரும் அரை ஆளு."

ஐயோ, என் தங்கச்சியே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இந்த நினைப்போடு இவளைக் கூட்டிக்கொண்டுபோய் அம்மா முன்னால் எப்படி நிறுத்துவது? சாமியார் ஒருவரைப் பார்த்து இதைச் சரிசெய்துவிட்டுத்தான் கப்பல் ஏறுவது என்று முடிவு செய்தேன். அலோர் ஸ்டார் பட்டணத்துக்கு அந்த வாரம் ஒரு சாமியார் வந்திருக்கிறார் என்று மரியநாதரே சொன்னார். பாவம், நல்ல மனுஷர். போகிற வழிக்கு என்று வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு கூடக் கட்டிக்கொடுத்தார்.

அலோர் ஸ்டாருக்கு மோட்டார் பஸ். அதைப் பஸ் என்று சொன்னதே அதற்குச் செய்த மரியாதை. பலகையை அடித்து, மேலே தார்ப்பாய் போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு சீனக் கிழவர், இரண்டு கூடை நிறைய வாத்துகளோடு உட்கார்ந்திருந்தார். முதல் நாள் மழையில் பாதை உளையாகிக் கிடந்தது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. எல்லாரும் இறங்கித் தள்ளுங்கள் என்று மலாய்க்கார ஓட்டுநர் சொன்னார். தள்ளுகிற குலுக்கலில் ஒரு கூடை கவிழ்ந்து வாத்துகள் வயலில் இறங்கிவிட்டன. கிழவர் சீனத்தில் கத்த, ஓட்டுநர் மலாயில் கத்த, நான் தமிழில் கத்திக்கொண்டு வாத்து பிடிக்க ஓடி, வழுக்கிக் குப்புற விழுந்தேன். எழுந்து பார்த்தால் வேட்டி முழுக்கச் சேறு. தெரேசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சேசுநாதருக்கு ரெண்டு சுபாவம், எங்கண்ணனுக்கு ஒண்ணே ஒண்ணுதான், கோவம்" என்றாள். கோபப்பட நினைத்தேன், முடியவில்லை. அவள் சிரித்து எத்தனை நாள் ஆகியிருக்கும்.

அலோர் ஸ்டாரை நெருங்க நெருங்க ரப்பர் மரம் மறைந்து, கண்ணுக்கெட்டின தூரம் நெல் வயல். எங்கள் தஞ்சாவூர்ச் சீமையைத் தூக்கி இங்கே வைத்தது போல இருந்தது. நாற்றின் பச்சை, வரப்பில் கொக்கு, தூரத்தில் ஒரு தென்னந்தோப்பு. தெரேசு பார்த்துக்கொண்டே வந்தாள். "அம்மா இப்ப நடவுக்குப் போயிருக்குமாண்ணே?" என்று கேட்டாள். இந்த வருஷம் போகவில்லை, நீ வந்தால்தான் எதுவும் என்று வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

சாமியார் தங்கியிருந்த கடைமாடிக்குப் போனால் ஆள் இல்லை. கோலா கெடாவில் சுங்கச் சாவடியில் வேலை பார்க்கிற ஒரு தமிழர் சாகக் கிடக்கிறாராம், அவருக்குக் கடைசித் தைலமாகிய அவஸ்தை பூசப் போயிருக்கிறார் என்றார்கள். விடுவேனா? அன்றிரவு மரியநாதருக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுக் கூடத்தில் படுத்துவிட்டு, காலையில் கோலா கெடாவுக்குக் கிளம்பிவிட்டோம்.

ஆறு கடலில் சேருகிற இடம். படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. மீன் சந்தை இரைச்சல். லங்காவித் தீவுக்குப் போகிற ஆட்கள் மூட்டை முடிச்சோடு காத்திருந்தார்கள். வரிசையாகக் காயப்போட்ட கருவாட்டுக்கு நடுவில், ஒரு கவிழ்த்த கூடை மேல், கறுப்பு அங்கி போட்ட வெள்ளைக்காரச் சாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் பெலாச்சான்தான் ஒத்துக்கொள்ளவில்லை போல. சாகக் கிடந்தவர் விடியற்காலையில் போய்விட்டார், அடக்கம் செய்ய ஆட்களுக்குக் காத்திருக்கிறேன் என்றார்.

பிரெஞ்சுக்காரர், தமிழைப் புத்தகத்தில் படித்தவர். "மகளே, நீ யாது காரணத்தினால் தேவ ஆராதனைக்கு வராதிருக்கிறாய்?" என்று கேட்டார். தெரேசு என்னைப் பார்த்தாள். அவர் தமிழை நான் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியதாயிற்று. "ஏன்டி கோவிலுக்கு வரலேன்னு கேக்குறார்." அவள் அரைப் பேர் கணக்கைச் சொன்னாள். அதை நான் புத்தகத் தமிழில் திருப்பிச் சொன்னேன். சாமியார் முகம் சுருங்கியது.

"பாடுபடுவது சுபாவமன்று, ஆளே பாடுபடுகிறார்" என்றார். "மனுஷ சுபாவத்தில் பட்டார், பட்டவரோ தேவ சுதன்."

இதை எப்படி இவளிடம் சொல்வது? அவள் கையைப் பார்த்தேன். கட்டை விரலில் வெட்டுக்கத்தி பட்ட பழைய தழும்பு ஒன்று தெரிந்தது. "இது வெட்டுப்பட்டப்ப யாருக்கு வலிச்சுது? கைக்கா?" என்றேன்.

"கைக்கு வலிக்குமா? எனக்குத்தான்."

"உன் ஆத்துமத்துல கத்தி ஏறுமா?"

"அதுல எப்பிடி ஏறும்?"

"ஏறாதுல்ல? வெட்டு விழுந்தது உடம்புல. ஆனா ஐயோன்னு கத்தினது யாரு? தெரேசு கத்தினா. முழுத் தெரேசுவும் கத்தினா. அரைத் தெரேசு கத்திட்டு, மீதி அரை பேசாம வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்துச்சா? அதுபோலத்தான்டி. ஆணி எறங்கினது மனுஷ உடம்புல. கத்தினவர் ஆண்டவர். அரை ஆண்டவர்னு ஒருத்தர் கெடையாது."

இது எனக்கே எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கோபத்தில் வந்திருக்கவேண்டும். சாமியார் மெல்லத் தலையாட்டினார்.

தெரேசு ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப மாதா பெத்தது அரை ஆள இல்லியா?" என்றாள்.

"அதனால்தான் அவள் மனுஷனுடைய மாதா மாத்திரமல்ல, சர்வேசுரனுடைய மாதா" என்றார் சாமியார். இது அவளுக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து செபத்தில் சொல்கிற வார்த்தை.

"சாமி" என்று நேராக அவரைப் பார்த்துக் கூப்பிட்டாள். "அன்னிக்கு நான் மரத்துக்கிட்ட நின்னேன். கையில கத்தி இருந்துச்சு. எம் புள்ள அங்க அம்மான்னு கூப்பிட்டான். அப்ப நான் அரை அம்மாவா, முழு அம்மாவா?"

சாமியாருக்குக் கதை முழுக்கத் தெரியாது. நான் அவசர அவசரமாகச் சொன்னேன். அவர் கூடையை விட்டு எழுந்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். அவருக்குத் தமிழ் வரவில்லை. கடைசியில், "அரை மாதா உலகத்தில் இல்லை, மகளே" என்றார்.

தெரேசு அப்படியே தரையில் உட்கார்ந்து அலறினாள். "என் ராசா! நான் முழுசாத்தாண்டா இருந்தேன்! மரத்துக்கிட்ட நின்னாலும் முழுசா ஒன் அம்மாவாத்தாண்டா நின்னேன்!" புருஷன் செத்தபோதும் பிள்ளை செத்தபோதும் வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. மீன் சந்தையில் பேரம் நின்றுபோயிற்று. கருவாடு புரட்டிக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெண் ஒருத்தி ஓடிவந்து, ஒன்றும் கேட்காமல் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நானும் அழுதேன். சாமியாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாடா, தங்கச்சி எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று அந்த அழுகைக்குள்ளேயே எனக்கு ஒரு சந்தோஷம்.

தோட்டத்துக்குத் திரும்பினோம். வழியெல்லாம் அவள் சூசையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். அவனுக்குக் காக்கா கடை ரொட்டி என்றால் உயிராம். வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கங்காணி மாதிரி பெரட்டுக் கூப்பிடுவானாம். லயத்துக்கு வந்ததும் அம்மா கட்டிவிட்ட சிலுவை மறுபடி அவள் கழுத்தில் ஏறியது. மறுநாள் காலையில் மூட்டை கட்டவேண்டும். "சாமான் என்ன இருக்கு எடுத்துக்கிறதுக்கு?" என்று கேட்டேன்.

அவள் என்னைக் கல்லறைக்குக் கூட்டிப்போனாள். ரப்பர் மரங்களுக்குப் பின்னால், காட்டுப் புல் மண்டிய ஒரு மேடு. சின்னதாக ஒரு மண் குவியல், அதில் குச்சிச் சிலுவை. அதன் பக்கத்தில் அவள் புருஷன். அவ்வளவு நாளும் அவள் அங்கே வரவே இல்லையாம். புல் பிடுங்க ஆரம்பித்தாள். நானும் பிடுங்கினேன். கையில் அறுத்தது.

"அண்ணே, நீங்க போயிட்டு வாங்க. நான் வரலே" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அன்னிக்குச் சரின்னியேடி!"

"அன்னிக்கு நான் அரை அம்மாண்ணே. இவன்கிட்ட நிக்கிறதுக்கே எனக்கு யோக்கியதை இல்லேன்னு நெனச்சேன். அதான் எங்க வேணும்னாலும் போவலாம்னு இருந்துச்சு." மண்ணைக் கையால் தட்டிச் சமன் செய்தாள். "இப்ப எப்பிடிப் போறது? மாதா அந்தச் சிலுவையடியிலதானே நின்னா? புள்ள செத்த எடத்த விட்டுட்டு ஊருக்குப் போயிட்டாளா?"

கத்தினேன். கெஞ்சினேன். "அங்க உசுரோட ஒருத்தி காத்துக்கிட்டு இருக்காடீ" என்றேன். "இந்தத் தோட்டத்துல காய்ச்சல்ல நீயும் போயிருவ" என்றேன். "போனா இவன் பக்கத்துல போறேன்" என்றாள். அவள் முகம் தெளிந்திருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுத முகமாக இருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருப்பேன். அந்தச் சிலுவையை அவள் கழுத்தில் ஏற்றவேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு அலைந்தது நான்தானே. அது கழுத்தில் ஏறிவிட்டது. அவள் இங்கேயே நின்றுவிட்டாள்.

கிளம்புகிற அன்று அவள் வேலைக்குப் போகாமல் வண்டி வரைக்கும் வந்தாள். மரியநாதரும் வந்தார். "தம்பி, அன்னிக்கு நீங்க சொன்னதத் திரும்ப ஒரு தடவ சொல்லிக்கொடுங்க, ஞாயித்துக்கெழம சரியாச் சொல்லிர்றேன்" என்றார். சொல்லிக்கொடுத்தேன். கை, கத்தி, தெரேசு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். தெரேசு என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். வண்டி நகர்ந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் இறங்கிவிடுவேன் என்று தெரியும்.

கப்பலில் இந்தத் தடவை வாந்தி வரவில்லை. சோறும் இறங்கவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா வாசலில் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். மாட்டு வண்டி போய்த் தூசி அடங்குகிற வரைக்கும் பார்த்தாள். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பெரட்டு, அரைப் பேர், கோலா கெடா, சாமியார் சொன்னது, மேட்டில் அவள் புல் பிடுங்கினது. அவள் மனசு இப்போது தெளிந்துவிட்டது, செபமாலை சொல்கிறாள், மாதா சிலுவையடியில் நின்ற மாதிரி பிள்ளையிடம் நிற்கிறாள் என்றேன். இது அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று உண்மையாகவே நம்பினேன்.

அம்மா கேட்டுக்கொண்டாள். நான் முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ புள்ளகிட்ட அவ நின்னுட்டா" என்றாள். "எம் புள்ளகிட்ட நான் எங்கடா போய் நிக்கிறது?"